சாட்சியின் சொல்: குற்றவியல் வழக்குகளில் நம்பகத்தன்மை அளவிடப்படும் முறை பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1

குற்றவியல் நீதிமன்றம், நிகழ்ந்து முடிந்துவிட்ட ஒன்றைச் சொற்களின் துணைகொண்டு மீளக் கட்டியெழுப்ப முற்படும் ஒரு நிறுவனமாகும். கத்தியும் துவக்கும் இரத்தக்கறை படிந்த துணியும் அங்கு சான்றுப்பொருள்களாக முன்வைக்கப்படினும், அவை எங்கிருந்து எடுக்கப்பட்டன, எவர் கையிலிருந்தன என்பவற்றை ஒருவர் சாட்சிக் கூண்டில் ஏறிநின்று சொல்லியே ஆகவேண்டும். அவ்வாறு சொல்பவரை நம்பலாமா என்ற வினாவிலேயே எதிரியின் விடுதலையும் சிறையும், பாதிக்கப்பட்டவர் பெறும் நீதியும் தங்கியுள்ளன.

இவ்வினாவுக்கு விடைகாண நீதிமன்றங்கள் கையாளும் அளவுகோல்கள் சட்டவியலாளருக்கே உரியனவாகப் பெரும்பாலும் கருதப்பட்டு வந்துள்ளன. ஆயின் சாட்சியம் என்பது ஒரு கூற்று. அது குறித்த ஒரு மொழியில், குறித்த ஒருவரால், தம்மினும் வலியவர் முன்னிலையில் நிகழ்த்தப்படுவது; பின்னர் எழுத்திலே பதியப்பட்டு, சில வேளைகளில் பிறிதொரு மொழிக்குப் பெயர்க்கப்பட்டு, ஈற்றில் ஒரு பனுவலாக வாசிக்கப்படுவது. கூற்றுக்கும் பனுவலுக்கும் சமூகத்துக்குமிடையேயுள்ள உறவை ஆராய்வது இலக்கிய ஆய்வாளரின் தொழில் ஆதலின், இவ்விடயத்தில் அவர் சொல்லத்தக்கனவும் சில உள. இலங்கையின் குற்றவியல் வழக்குகளை மையமாகக்கொண்டு, அவ்வளவுகோல்கள் எவை, எத்தகைய மனிதரை மனத்திற்கொண்டு அவை அமைந்துள்ளன என்பவற்றை இக்கட்டுரை நோக்குகின்றது.

2

நிலமானிய சமூகங்களில் சாட்சியின் சொல்லுக்குரிய நிறை அவரது பிறப்பாலும் அந்தஸ்தாலும் முன்னரே தீர்மானிக்கப்பட்டிருந்தது. மனுதர்மசாத்திரத்தின் எட்டாம் அத்தியாயம், எவர் சாட்சியாகலாம், எவர் ஆகலாகாது என்று வகுப்பதுடன், பெண்களுக்குப் பெண்களும் சூத்திரருக்குச் சூத்திரரும் சாட்சியராதல் வேண்டும் என்றும் விதிக்கின்றது. இங்கு சொல்லப்பட்டது யாது என்பதைக் காட்டிலும் சொல்பவர் யார் என்பதே முதன்மை பெறுகின்றது.

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தை இந்நோக்கில் வாசிப்பது பயனுடையது. அரண்மனையோடு தொடர்புடைய பொற்கொல்லனின் சொல் எவ்வித விசாரணையுமின்றி ஏற்கப்படுகின்றது. ஊருக்குப் புதியவனான கோவலனின் சொல் கேட்கப்படவேயில்லை. பின்னர் கண்ணகி அரசவையில் வழக்குரைக்கும்போது தன் கற்பையோ குலத்தையோ சான்றாகக் காட்டி வழக்கை முடிக்கவில்லை. அரசியின் சிலம்பில் முத்தும் தன் சிலம்பில் மாணிக்கமும் இருப்பதைச் சோதித்தறியத்தக்க உண்மையாக முன்வைக்கின்றாள். அந்தஸ்தின் சொல்லை வென்றது சோதனைக்குட்பட்ட பொருள். சொல்பவரின் நிலையினின்றும் சொல்லின் உண்மையைப் பிரித்தறிய வேண்டும் என்ற உணர்வு நம் மரபில் மிகத் தொன்மையானது என்பதற்கு இது தக்க சான்றாகும். எனினும் அவ்வுணர்வு ஒரு பொதுவிதியாக நிலைபெறுவதற்குச் சமூக அமைப்பு இடந்தரவில்லை.

இலங்கையில் அப்பொதுவிதி குடியேற்ற ஆட்சியின் வழியாகவே வந்து சேர்ந்தது. 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டம், ஜேம்ஸ் ஃபிற்ஸ்ஜேம்ஸ் ஸ்ரீபன் வரைந்த 1872 ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தை அடியொற்றியது. (இந்தியாவில் அச்சட்டத்தின் இடத்தை 2024 யூலை முதல் புதிய சட்டமொன்று எடுத்துக்கொண்டது.) வினாக்களை விளங்கி அறிவுபூர்வமாக விடையளிக்கக்கூடிய எவரும் சாட்சியாகலாம் என்கிறது அதன் 118 ஆம் பிரிவு. எந்த ஒரு விடயத்தை நிரூபிப்பதற்கும் இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற நியதி இல்லை என்கிறது 134 ஆம் பிரிவு. சாட்சிகளை எண்ணுவதில்லை, நிறுப்பதே முறை என்ற நீதிமன்ற வழக்குரைக்கு ஆதாரம் இதுவே. சாதி, பால், மதம் ஆகியன சாட்சியாகும் தகுதியை இனித் தீர்மானிக்கமாட்டா. குடியேற்ற ஆட்சியின் நோக்கங்கள் எவையாயினும், ஏட்டளவிலேனும் இது ஒரு வரலாற்று முன்னேற்றம் என்பதை மறுத்தல் பொருந்தாது.

எனினும் ஒன்றை நாம் மனங்கொள்ளல் வேண்டும். கூண்டில் ஏறும் உரிமை ஒன்று. ஏறியபின் நம்பப்படுதல் வேறொன்று. பழைய சமூக ஏற்றத்தாழ்வு முன்வாசலால் வெளியேற்றப்பட்டபோதிலும், நம்பகத்தன்மை என்ற பக்கவாசல் அதற்குத் திறந்தே இருந்தது. குறுக்கு விசாரணையில் கேட்கத்தக்க வினாக்களைக் கூறும் 146 ஆம் பிரிவு, சாட்சி யார், வாழ்க்கையில் அவரது நிலை யாது என்பதைக் கண்டறியும் வினாக்களையும், அவரது ஒழுக்கத்தைப் பழுதுபடுத்தி அவர்மீதான நம்பிக்கையை அசைக்கும் வினாக்களையும் அனுமதிக்கின்றது. பாலியல் வன்முறை வழக்கில் முறைப்பாடு செய்த பெண் பொதுவாக ஒழுக்கம் குன்றியவள் எனக் காட்டலாம் என்ற விதி 1872 ஆம் ஆண்டின் சட்டத்திலும், அதைப் பின்பற்றி 1895 ஆம் ஆண்டின் சட்டத்திலும் 155 ஆம் பிரிவில் இடம்பெற்றது. இந்தியா அதனை நீக்குவதற்கு 2002 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

3

நடைமுறையில் நீதிமன்றங்கள் சாட்சியத்தைச் சில சோதனைகளுக்கு உட்படுத்துகின்றன. சொல்லப்பட்டது நிகழக்கூடியதா என்பது முதலாவது. தன் முன்னைய கூற்றோடும் பிற சாட்சிகளின் கூற்றோடும் அது முரண்படாதிருக்கிறதா என்பது இரண்டாவது. காலந்தாழ்த்தாது சொல்லப்பட்டதா என்பது மூன்றாவது. வழக்கின் முடிவில் சாட்சிக்கு நலன் உண்டா என்பது நான்காவது. கூண்டில் நின்றபோது அவரது நடத்தையும் தோற்றமும் எவ்வாறு இருந்தன என்பது ஐந்தாவது.

இவற்றை இயந்திரரீதியாகப் பிரயோகிக்கலாகாது என்பதை நீதிமன்றங்களே பலகால் வற்புறுத்தியுள்ளன. ஒன்றில் பொய்த்தவன் எல்லாவற்றிலும் பொய்த்தவனே என்ற பழைய றோமன் முதுமொழியை எடுத்துக்கொள்வோம். ஒரு சாட்சியின் நம்பகத்தன்மையை ஓர் எதிரிக்கு எதிராக ஏற்று மற்றோர் எதிரி விடயத்தில் தள்ளிவிடுமாறு கூறுபோடலாகாது என்ற கருத்து 1958 இல் பிரிவுக் கவுன்சிலால், பிரித்தானிய கயானாவிலிருந்து வந்த மேன்முறையீடொன்றில் கூறப்பட்டது. ஆயின் 1960களில் நம் நாட்டின் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி ரி. எஸ். பெர்னாண்டோ, அம்முதுமொழி விதிவிலக்கின்றிப் பிரயோகிக்கப்பட வேண்டிய முழுமையான விதியன்று எனத் தெளிவுபடுத்தினார். உண்மையோடு மிகையும் கலந்து சொல்லப்படும் சமூகத்தில் பதரைப் புடைத்து மணியைப் பிரிப்பதே நீதிபதியின் கடமையாகின்றது.

நலன்பற்றிய சோதனையும் அத்தகையதே. கொலையுண்டவரின் உறவினர் என்பதால் ஒருவரின் சாட்சியத்தைத் தள்ளிவிடலாமா? நெருங்கிய உறவினரே உண்மைக் குற்றவாளியைத் தப்பவிட்டு அப்பாவி ஒருவரைக் குற்றஞ்சாட்டுவதற்குச் சாதாரணமாகக் கடைசியாக முன்வருவார் என 1953 இல் இந்திய உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி விவியன் போஸ் எடுத்துக்காட்டினார். காலந்தாழ்த்திய சாட்சியம் பற்றி, 1999 ஆம் ஆண்டின் இலங்கைச் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்ற தீர்ப்பொன்றில் நீதிபதி எஃப். என். டி. ஜயசூரிய கூறியது முக்கியமானது. தாமதம் என்ற ஒன்றையே காரணமாகக்கொண்டு சாட்சியத்தை நிராகரிக்கலாகாது. தாமதத்திற்குக் காரணம் யாதென நீதிமன்றம் விசாரித்தறிந்து, அது ஏற்கத்தக்கதாயின் அச்சாட்சியத்தின்மீது செயற்படலாம் என்பதே அதன் சாரம். ஞாபகத்தைப் பொறுத்தவரை, சாட்சி ஒருவர் புகைப்படக் கருவியைப் போன்ற நினைவாற்றல் உடையவராக இருக்கவேண்டுமென எதிர்பார்க்கலாகாது என்று 1983 இல் குஜராத் மாநில வழக்கொன்றில் இந்திய உச்ச நீதிமன்றம் கூறியதை நம் நீதிமன்றங்களும் பலமுறை எடுத்தாண்டுள்ளன.

இத்தீர்ப்புகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு பண்பு உண்டு. அவை சாட்சியின் சொல்லை அச்சொல் பிறந்த வாழ்க்கைச் சூழலோடு பொருத்தி வாசிக்கின்றன. சட்டம் தன் சிறந்த தருணங்களில் சமூகவியல் நோக்கை ஏலவே கைக்கொண்டுள்ளது என்பதற்கு இவை உதாரணங்களாகும்.

4

அவ்வாறாயின் இடர்ப்பாடு எங்கே உள்ளது? சோதனைகளுக்கு உட்படுத்தப்படும் பனுவல் உருவாகும் முறையிலேயே அது பெரிதும் தங்கியுள்ளது.

சாட்சியின் முரண்பாடுகளைக் காட்டுவதற்குப் பிரதான கருவியாக அமைவது அவர் முதலிற் பொலிஸாருக்கு அளித்த வாக்குமூலம். அதனைச் சொல்பவர் அவர், எழுதுபவர் வேறொருவர். வடக்குக் கிழக்கிலும் மலையகத்திலும் தமிழில் சொல்லப்பட்டவை சிங்களத்திலேயே பதியப்பட்ட நிகழ்வுகள் பல. 1961 ஆம் ஆண்டின் நீதிமன்ற மொழிச் சட்டம் சிங்களத்தை நீதிமன்ற மொழியாக்க வழிசெய்தது; தமிழுக்குரிய இடம் பின்னரே படிப்படியாக, போராட்டங்களினூடே, சட்டத்தில் ஏற்கப்பட்டது. அதற்கு முன்னரோ வழக்குகள் ஆங்கிலத்தில் நடந்தன. சாட்சிக்கும் நீதிபதிக்கும் இடையே மொழிபெயர்ப்பு முதலியார் நின்றார். மேலும், வினாவும் விடையுமாக நடந்ததை ஒரே தொடர்ந்த கூற்றாகச் சுருக்கி எழுதும் வழக்கமும் நெடுங்காலம் நிலவியது. வினா மறைந்துவிட, விடைமட்டும் சாட்சி தாமே முன்வந்து சொன்னதாக எஞ்சுகின்றது.

இதன் விளைவைச் சில மொழிக்கூறுகளைக் கொண்டு விளக்கலாம். ‘சுட்டான்’ என்பதற்கும் ‘சுட்டானாம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் அறிந்த குழந்தையும் உணரும். முன்னையது கண்டது அல்லது தான் உறுதியாக அறிந்தது. பின்னையது பிறர் சொல்லக் கேட்டது. சிங்களத்தில் ‘லு’ என்ற ஈற்றசை இதே பணியைச் செய்கின்றது. ஆங்கிலத்தில் இதற்கு நேரான ஈறு இல்லை. ‘அவன் சுட்டானாம்’ எனக் கவனமாக எல்லை வகுத்துச் சொன்ன ஒரு கிராமத்துப் பெண்ணின் கூற்று, ‘அவன் சுட்டான்’ என்ற பொருள்பட ஆங்கிலத்தில் பதியப்பட்டுவிடலாம். குறுக்கு விசாரணையில், சுட்டதை நீர் கண்டீரா என்று வினவப்படும்போது அவள் இல்லை என்கின்றாள். ஏட்டிலே இது முரண்பாடு. உண்மையில் அவள் இரு தடவையும் ஒன்றையே சொன்னாள். வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருத்தல் வேண்டும் எனச் சட்டம் 60 ஆம் பிரிவில் விதிக்கும் வேறுபாட்டை அவளது இலக்கணம் முன்னரே பேணியிருந்தது. அதனை அழித்தது பதிவேடு.

‘ஓம் ஐயா’ என்ற விடையும் இவ்வாறே ஆராயத்தக்கது. யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பில் ஒடுக்கப்பட்டோர் மேல்நிலையில் இருந்தோர் முன்னிலையில் சால்வையைத் தோளினின்று எடுத்து, குரல் தாழ்த்திப் பேச வேண்டியிருந்த காலம் வெகுதொலைவில் இல்லை. அத்தகைய உறவுநிலையில் ‘ஓம் ஐயா’ என்பது பல வேளைகளில் ‘நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கின்றேன்’ என்ற பணிவுக் குறிப்பாகும். பதிவேட்டில் அது ‘ஆம், ஏற்றுக்கொள்கிறேன்’ என்று ஆகிவிடுகின்றது. பெரியப்பாவின் மகனை ‘அண்ணன்’ என்று சொன்னவர், உமக்கு உடன்பிறந்த அண்ணன் உண்டா என்ற வினாவின்முன் பொய்யராகிறார். ‘விளக்கு வைக்கிற நேரம்’, ‘கூப்பிடு தூரம்’ என்று காலத்தையும் இடத்தையும் அளப்பவர், அது எத்தனை மணி, எத்தனை யார் என்று வற்புறுத்தப்படும்போது ஏதோ ஓர் எண்ணைச் சொல்கின்றார். அடுத்த சாட்சி வேறோர் எண்ணைச் சொல்கின்றார். இருவரும் ஒரே மாலைப்பொழுதையே கண்டிருக்கலாம்.

நிரூபணம் என்பதை வரையறுக்குமிடத்துச் சாட்சியச் சட்டம் ‘விவேகமுள்ள மனிதன்’ ஒருவனை அளவாகக் கொள்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வரையப்பட்ட அம்மனிதனை நாம் அடையாளங்காண முடியும். அவன் எழுத்தறிந்தவன், கடிகாரம் பார்ப்பவன், ஆட்சியாளரின் மொழியில் சிந்திப்பவன், பொலிஸாருக்கு அஞ்சாதவன். அதாவது சொத்துடைய நகர்ப்புற வகுப்பினன். அவன் சொல்வதும் சொல்லாது விடுவதும் இயல்பு எனக் கொள்ளப்படும்போது, ஏனையோர் பேச்சு ஐயத்துக்குரியதாகின்றது.

5

இந்நிலைமையை நம் நாட்டு வாழ்வை வைத்து மிக ஆழமாகச் சித்திரித்த ஆக்கம், குடியேற்ற நிருவாகி ஒருவராலேயே எழுதப்பட்டது என்பது சிந்தனைக்குரியது. லெனாட் வூல்ஃப் 1904 முதல் இலங்கையில், யாழ்ப்பாணத்திலும் பின்னர் அம்பாந்தோட்டையிலும் பணிபுரிந்தவர். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது வழக்குகளையும் விசாரித்தவர். 1913 இல் வெளியான அவரது ‘காட்டினிலோர் கிராமம்’ என்ற ஆங்கில நாவலை லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1980 இல் ‘பெத்தேகம’ என்ற திரைப்படமாக்கினார்.

அந்நாவலில், பபுன் என்ற சேனைப் பயிர்ச்செய்கையாளன்மீது ஊர்த் தலைவனும் பெர்னாண்டோ என்ற கடன்கொடுப்பவனும் பொய்க் களவு வழக்கைச் சோடிக்கின்றனர். பெர்னாண்டோ பபுனின் மனைவியை அடைய விரும்புவதே அதன் பின்னணி. வழக்கு விசாரணை எதிரிக்கு விளங்காத ஆங்கில மொழியில் நடக்கின்றது. சாட்சிகளை வினவலாம் என்று சொல்லப்பட்டபோது என்ன கேட்பது என்றே அவனுக்குத் தெரியவில்லை. வழக்குத்தொடுநரின் சாட்சிகள் முரண்பாடின்றி, ஒழுங்காக, தலைவனின் அதிகாரம் தந்த நிதானத்தோடு சொல்கின்றனர். நீதிபதி கொடியவரல்லர், இதன் பின்னால் வேறேதோ உண்டென்று அவருக்கும் தோன்றுகின்றது. ஆயின் அவ்வுணர்வைச் சான்றாக மாற்றும் வழி அவரிடம் இல்லை. பபுன் சிறை செல்கின்றான். அவனது மாமனாகிய சிலிந்து பின்னர் தலைவனையும் பெர்னாண்டோவையும் சுட்டுக் கொல்கின்றான்.

வூல்ஃபின் வர்க்கநிலை, குடியேற்ற நோக்கு ஆகியன பற்றி விமரிசனங்கள் உண்டு. அவற்றை மறுப்பது இங்கு நோக்கமன்று. இந்நாவல் தரும் பாடம் தெளிவானது. முரண்பாடின்மை, விரைந்த முறைப்பாடு, நிதானமான நடத்தை ஆகிய சோதனைகள் அனைத்திலும் பொய்ச்சாட்சிகளே தேறினர். ஏனெனில் அச்சோதனைகளில் தேறுவதற்கு வேண்டிய வளங்கள் அவர்களிடமே இருந்தன. நீதிபதியின் நல்லெண்ணம் மட்டும் இதனை மாற்றப் போதியதாக இல்லை.

6

நடத்தையும் தோற்றமும் பற்றிய சோதனை இங்கு தனியே கவனிக்கத்தக்கது. சாட்சியை நேரிற் கண்டு கேட்ட நீதிபதியின் முடிவுகளை மேன்முறையீட்டில் இலகுவில் மாற்றலாகாது என்பது நிலைபெற்ற கொள்கை. 1993 ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் உள்ள தீர்ப்பொன்றில் பிரதம நீதியரசர் ஜி. பி. எஸ். டி சில்வா அதனை வலியுறுத்தினார். ஆயின் நீதிபதி இடமாற்றம் பெறுமிடத்து, அவருக்குப் பின் வருபவர் முன்னைய பதிவேட்டைக்கொண்டே வழக்கைத் தொடர்வதற்கு 1978 ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் 48 ஆம் பிரிவில் இடமளிக்கின்றது. நீண்டு செல்லும் வழக்குகளில், தீர்ப்பெழுதுபவர் சாட்சியின் முகத்தையே காணாதவராக இருத்தல் கூடும்.

கண்டாலும் என்ன அறியலாம் என்பது வேறொரு வினா. பிறர் பொய் சொல்வதைக் கண்டறியும் மனித ஆற்றல் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட பொண்ட், டிபாவுலோ ஆகியோர் 2006 இல் கண்ட சராசரி நூற்றுக்கு 54 ஆகும். நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதினும் சிறிதே மேல். ஞாபகத்தின் நிலையும் இதற்கு வேறன்று. 1974 இல் எலிசபெத் லொஃப்டஸ், ஜோன் பாமர் ஆகியோர் வாகன விபத்துப் படமொன்றைப் பார்த்தவர்களில் 50 பேரிடம் வாகனங்கள் ‘மோதியபோது’ இருந்த வேகம் பற்றியும், வேறு 50 பேரிடம் ‘மோதி நொறுங்கியபோது’ இருந்த வேகம் பற்றியும் வினவினர். ஒரு வாரத்தின் பின் உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா எனக் கேட்டபோது முதற்பிரிவில் 7 பேரும் இரண்டாம் பிரிவில் 16 பேரும் கண்டதாகக் கூறினர். படத்தில் உடைந்த கண்ணாடி இருக்கவில்லை. வினவுபவரின் சொல் நினைவினுள் நுழைந்துவிடுகின்றது. உறுதியோடு சொல்பவரும் தவறிழைக்கலாம் என்பதை ஏற்றே, ஆளடையாளச் சாட்சியத்தை விசேட எச்சரிக்கையுடன் அணுகுமாறு இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1976 இல் வழிகாட்டிற்று. நிலத்தைப் பார்த்துத் தயங்கித் தயங்கிப் பேசுபவர் பொய்யர், நிமிர்ந்து நோக்கித் தெளிவாகப் பேசுபவர் மெய்யர் என்ற எண்ணத்துக்கு அறிவியல் ஆதாரம் இல்லை. அது ஒரு வர்க்கத்தின் பேச்சுமுறையை உண்மையின் இலக்கணமாகக் கொள்வதன் விளைவாகும்.

7

அச்சம் நிலவும் சூழலில் இச்சோதனைகள் மேலும் நெருக்கடிக்குள்ளாகின்றன. 1996 பெப்ரவரி 11 ஆம் நாள் திருகோணமலை மாவட்டத்தின் குமாரபுரத்தில் பெண்களும் சிறுவர்களும் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். வழக்கு அநுராதபுரம் மேல் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு, 2016 யூலையில் யூரியின் தீர்ப்பின்படி முன்னாள் இராணுவத்தினர் அறுவர் விடுதலை செய்யப்பட்டனர். உயிர்தப்பியவர்கள் இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், தம் மாவட்டத்துக்கு அப்பால், வேறுமொழிச் சூழலில் சென்று சாட்சியமளிக்க நேர்ந்தது. யூரியின் மனத்தில் நிகழ்ந்ததை வெளியிலிருந்து எவரும் உரைத்தல் இயலாது, யூரி காரணங்கூறுவதுமில்லை. ஆயின் முரண்பாடு, தாமதம் ஆகிய அளவுகோல்கள் இத்தகைய காலமும் தூரமும் கடந்த சொல்லை எவ்வளவு நேர்மையாக நிறுக்க முடியும் என்ற வினா எஞ்சுகின்றது. பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பளிக்கும் முதலாவது சட்டம் இந்நாட்டில் 2015 இல்தான் நிறைவேறியது. அதன் இடத்தைப் பிடித்த புதிய சட்டம் 2023 இல் வந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பொலிஸ் உத்தியோகத்தருக்கு அளித்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்கலாகாது என்பது 1895 ஆம் ஆண்டின் சட்டத்தின் 25 ஆம் பிரிவு. அதிகாரத்தின் பிடியிலுள்ளவரின் சொல் சுதந்திரமான சொல்லன்று என்ற அறிவு அதில் அடங்கியுள்ளது. 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் இதனைக் கைவிட்டது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் அளித்த ஒப்புதல் ஏற்கத்தக்கதாயிற்று. அது தாமாக அளித்ததன்று என நிரூபிக்கும் சுமை எதிரியின் தோள்மேல் ஏற்றப்பட்டது. 1995 இல் அத்தகைய ஒப்புதலை மட்டுமே ஆதாரமாகக்கொண்டு தமிழ் இளைஞர் ஒருவருக்கு 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 1999 இல் அது 35 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. அவர் தமிழில் சொன்னதாகக் கூறப்பட்டது பொலிஸ்காரர் ஒருவரால் பெயர்க்கப்பட்டுச் சிங்களத்தில் பதியப்பட்டிருந்தது. 2004 இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு இது நீதியான விசாரணைக்கான உரிமையை மீறியதென முடிவு செய்தது. ஆயினும் 2006 இல் இலங்கை உயர் நீதிமன்றம் அம்முடிவின் அடிப்படையில் தண்டனையை மீளாய்வு செய்ய மறுத்தது. கிராமத்துச் சாட்சியின் சிறு தடுமாற்றத்தைக் கூர்ந்து சோதிக்கும் சட்டம், மூடிய அறையிற் பிறந்து, சொன்னவருக்கே விளங்காத மொழியில் எழுதப்பட்ட பனுவலைச் சோதனையின்றி ஏற்குமாயின், அங்கு நம்பப்படுவது எவரது சொல் என்ற ஐயம் எழுதல் இயல்பே.

8

மேற்கூறியவற்றினின்று, சட்டத்தின் சோதனைகள் யாவும் ஆளும் வர்க்கத்தின் போர்வையே என்ற முடிவுக்கு வருதல் தவறாகும். முற்போக்குச் சிந்தனையாளரிடையே அத்தகைய எளிமைப்படுத்தல் அவ்வப்போது தலைகாட்டியதுண்டு. மார்க்சிய வரலாற்றறிஞர் ஈ. பி. தொம்சன் 1975 இல், பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கொடுஞ்சட்டமொன்றை ஆராய்ந்து முடிக்குமிடத்து, சட்டத்தின் ஆட்சி என்பது ஆள்வோரின் கைகளையும் கட்டுவது, அதனை வெறுங்கருவியெனத் தள்ளலாகாது என வாதிட்டார். சோதனையற்ற நீதி எளியோருக்கு எத்தகையது என்பதற்கு 1979 ஆம் ஆண்டின் சட்டமே போதிய விடை. முரண்பாட்டைத் தேடும் உரிமையும், ஐயத்தின் பயனை எதிரிக்கு அளிக்கும் கடமையும் அவர்களுக்கே மிகவும் தேவையானவை.

ஆகவே வேண்டப்படுவது சோதனைகளைக் கைவிடுதலன்று. பனுவல் உருவாகும் முறையையும் அச்சோதனைகளின் எல்லைக்குள் கொண்டுவருதலாகும். சாட்சி பேசிய மொழியிலேயே, வினாவும் விடையும் பிரிபடாது, ஒலிப்பதிவுடன் வாக்குமூலம் பதியப்படல் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் வட்டார வழக்கிலும் தேர்ச்சி பெற்றிருத்தல் வேண்டும். ஏட்டில் உள்ள முரண்பாடு சாட்சியினுடையதா, எழுதியவரினுடையதா என்பது முதலில் வினவப்படல் வேண்டும். ‘நடத்தை திருப்தியளிக்கவில்லை’ என்று எழுதும் நீதிபதி, எந்த நடத்தை, ஏன் என்பதையும் எழுதுதல் வேண்டும். இவை பெரும் புரட்சிகரக் கோரிக்கைகள் அல்ல. 134 ஆம் பிரிவு ஏலவே சொல்லும் நிறுத்தலை நேர்மையாகச் செய்வதற்கு வேண்டிய குறைந்தபட்ச ஒழுங்குகளே.

இப்பணியில் மொழியையும் பேச்சையும் ஆராய்வோருக்கும் பங்குண்டு. நம் பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறைகள் கல்வெட்டின் ஒரு சொல்லுக்குப் பொருள்காண நீண்ட ஆய்வுகளை மேற்கொண்டுள்ளன. சாட்சிக் கூண்டில் நிற்கும் மனிதரின் ‘ஓம் ஐயா’வுக்கும் ‘சுட்டானாம்’ என்பதற்கும் அதே கவனத்தைச் செலுத்துவோமாயின், நம் புலமை அதற்குரிய சமூகப் பயனைப் பெறும்.